அன்றைக்கு அந்த வண்டி ஏன் கிளம்பவில்லை

சரவணா,

அப்பாவின் வண்டி மறுபடியும் ஓடுகிறது. முந்தாநாள் காலையில் பூண்டுக் கொட்டகைக்கு முன்னால் நிறுத்தி உதைத்தபோது இரண்டாவது உதையிலேயே பிடித்துக்கொண்டது. இந்த வரியைப் படித்ததும் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடப் பார்ப்பாய். பதினோரு வருடமாக அந்த வண்டியின் பேச்சை யார் எடுத்தாலும் நீ எழுந்து போயிருக்கிறாய். இந்த ஒரு தடவை போகாதே. முழுவதும் படி. உறையின் மேல் உன் பேரோடு மலர்விழியின் பேரையும் எழுதியிருக்கிறேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கும் இது தெரிய வேண்டும். போனில் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். போனில் என்றால் நான் அழுவேன். நீ உன் வலியை ஓரமாக வைத்துவிட்டு என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய். உனக்கு அந்தக் குணம் உண்டு. இந்த விஷயத்தில் நீ என்னைத் தேற்றவே கூடாது. அதனால்தான் எழுதுகிறேன். அங்கன்வாடியில் இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் எழுதி வரும் கைதானே, இதையும் எழுதும்.

போன மாதம் மலர்விழி எனக்குப் போன் செய்தாள். உனக்குத் தெரியாமல்தான் செய்தாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. முதலில் முகூர்த்தப் புடவையின் நிறத்தைப் பற்றிப் பேசினாள். பிறகு, "அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?" என்றாள். "கம்பெனில எல்லாரும் வண்டியிலதான் வர்றாங்க. இவரு மட்டும் மழையானாலும் வெயிலானாலும் நடக்குறாரு. என் ஸ்கூட்டியில பின்னால உக்காருங்கன்னாக்கூட மாட்டேங்குறாரு. ஏன்னு நானும் விடாமக் கேட்டேன். அதுக்கு அவரு, 'எங்கப்பா நெஞ்சு வலியில கெடந்தப்ப ஒரு வண்டிய ஸ்டார்ட் பண்ண வக்கில்லாதவன் நான். என் காலாலதான் அவரு உசுரு போச்சு'ன்னாரு. அன்னிலருந்து ரெண்டு நாளா சரியா சாப்பிடல அத்தை. அது நெசமா?" என்று கேட்டாள்.

"அப்பறம் பேசுறேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பருப்பு தீய்ந்து வீடெல்லாம் புகை சூழ்ந்த பிறகுதான் எழுந்தேன். நீ இத்தனை வருடம் இதைச் சுமந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகும். எனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்தால் நீ கொட்டகைப் பக்கம் போகாமல் ஏரிக்கரை வழியாகச் சுற்றித் தோட்டத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உன் சித்தப்பா சாப்பாட்டுப் பந்தியில் உன்னைப் பார்த்துச் சொல்லாமல் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். காலம் போகப் போக மறந்துவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மலர்விழி கேட்ட பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

மறுநாளே வில்பட்டி பாண்டிக்குச் சொல்லி அனுப்பினேன். கொடைக்கானலில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். "எதுக்கு டீச்சர், பேசாம எடைக்குப் போட்றலாம்ல?" என்றார். ஓட வைத்துத்தான் ஆக வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, சாமான் பையோடு வந்துவிட்டார். தார்ப்பாயை இழுத்தபோது உள்ளே இருந்து எலிகள் ஓடின. சீட்டின் பஞ்சை முழுவதும் தின்றிருந்தன. காற்று போகிற டப்பாவுக்குள் பூண்டுத் தோலை வைத்துக் கூடு கட்டிக் குட்டி போட்டிருந்தன. டயர் இரண்டும் தரையோடு ஒட்டிப் பாளம் பாளமாக வெடித்திருந்தன. பாண்டி கிக்கரில் கால் வைத்து அழுத்தினார், அது அசையவே இல்லை. "இஞ்சின் பிடிச்சுக் கெடக்கு. ப்ளக்கைக் கழட்டி உள்ள ஆயில ஊத்தி ஊற விடணும்" என்றார்.

அந்த ப்ளக்கைக் கழற்றும் நேரத்துக்காகத்தான் நான் அங்கேயே நின்றிருந்தேன். துருப்பிடித்திருந்ததால் லேசில் வரவில்லை. கடைசியில் கழன்று வந்ததும் பாண்டி அதைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இது செத்த ப்ளக்கு. முனை ரெண்டும் ஒட்டிக் கெடக்கு, பீங்கான்ல வேற விரிசல். நின்னதுனால இப்படி ஆகாது. மாட்டும்போதே செத்ததுதான். இத வச்சு எமனே வந்து உதைச்சாலும் வண்டி கெளம்பாது. யாரு இத மாட்டுனது?"

நான் அவருக்கு டீ போட உள்ளே போய்விட்டேன். அவரிடம் அன்று சொல்லாததை உனக்கு இப்போது சொல்கிறேன். அதை மாட்டியது நான்.

நீ உடனே ஏன் என்று கேட்பாய். முதலில் எப்படி என்று சொல்கிறேன். நம் ஊர் கூக்கால் குளிரில் அந்த வண்டி காலையில் சுலபத்தில் கிளம்பாது, உனக்கே தெரியும். அப்பா ப்ளக்கைக் கழற்றி என்னிடம் நீட்டுவார். "இந்தா பிள்ள, அடுப்புல கொஞ்சம் காட்டிக் குடு" என்பார். நான் அதை இடுக்கியில் பிடித்துத் தணலில் சூடு காட்டித் துணியில் வைத்துக் கொடுப்பேன். சூட்டோடு மாட்டி உதைத்தால் பிடித்துக்கொள்ளும். அவர் நெற்றியைச் சுருக்கி என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். நல்ல நாட்களும் இருந்தன, சரவணா. எனக்குக் கொடைக்கானலில் பயிற்சி இருந்த ஒரு வாரமும் அவர்தான் தினமும் அந்த வண்டியில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தார். பனியில் என் கை மரத்துப் போகும் என்று தன் ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டுக்கொள்ளச் சொல்வார். எந்தச் சாவியால் ப்ளக்கைக் கழற்றுவது, எவ்வளவு முறுக்குவது என்பதெல்லாம் இப்படி அவர் பக்கத்தில் நின்று நான் பார்த்துக் கற்றதுதான்.

பிறகு குடி வந்தது. அதைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. அந்தக் கடைசி வாரத்தில் ஒரு நாள் பூம்பாறையில் குடித்துவிட்டு வரும்போது வளைவில் விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டு வந்தார். இரண்டடி தள்ளி விழுந்திருந்தால் பள்ளம்தான். கட்டுப் போட்ட தலையோடு அடுத்த இரண்டாம் நாளே மறுபடி போனார். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், சோறு போடாமல் இருந்து பார்த்தேன். எதுவும் எடுபடவில்லை. இந்த வண்டிதான் இவரைக் கொல்லப் போகிறது என்று எனக்குள் ஒரு பயம் ஏறி உட்கார்ந்துவிட்டது. பயம் மட்டும்தான் இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். கோபமும் இருந்தது. எது எவ்வளவு என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கும். மதியம் நீதான் வண்டியை எடுத்துக்கொண்டு உர மூட்டை வாங்கப் போனாய். உனக்குப் பதினேழு வயது. மழையில் ஓடை பெருகியிருந்தது. தண்ணீருக்குள் விட்டு எடுத்து வந்தேன் என்று வந்து சொன்னாய். வண்டி நன்றாகத்தான் ஓடி வந்தது. கொட்டகையில் நீ அதை நிறுத்தியபோது அதன் சத்தத்தை நான் கேட்டேன். சாயங்காலம் அப்பா குளித்துச் சட்டை மாற்ற ஆரம்பித்ததும் எங்கே கிளம்புகிறார் என்று தெரிந்துவிட்டது. அவர் தலை சீவி முடிப்பதற்குள் கொட்டகைக்குப் போனேன். அவர் எப்போதோ செத்துப்போனது என்று தகர டப்பாவில் போட்டு வைத்திருந்த பழைய ப்ளக்கை எடுத்து மாட்டினேன். நல்ல ப்ளக்கையும், யாரும் கழற்றிப் பார்த்துவிடாதபடி ப்ளக்குச் சாவியையும் கொண்டுவந்து அரிசிக்குள் புதைத்தேன். மொத்தமே ஐந்து நிமிட வேலைதான்.

அவர் போய் உதைத்தார். கிளம்பவில்லை. பத்து நிமிடம் உதைத்துவிட்டு உன்னைக் கூப்பிட்டார். "ஏலே, தண்ணிக்குள்ள விட்டியா? வண்டிய நாசம் பண்ணிட்டியேடா" என்று கத்தினார். நீ, "இல்லப்பா, நல்லாத்தான்பா வந்துச்சு" என்றாய். அவர் உன் கன்னத்தில் அறைந்தார். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன், சரவணா. உன் கன்னத்தில் விரல் பதிந்ததைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அவர் வீட்டில் இருக்கிறாரே, அது போதும் என்று நினைத்தேன். நீ வாங்கிய அறையைவிட அவர் அன்று மலை இறங்காதது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. காலையில் அவர் எழுவதற்குள் வெள்ளனே போய் நல்ல ப்ளக்கை மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது, உன்னையும் சமாதானப்படுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

காலையில் அதற்காகத்தான் எழுந்தேன். அரிசிக்குள்ளிருந்து இரண்டையும் எடுத்து மடியில் செருகிக்கொண்டு கதவைத் திறக்கும்போது பின்னால் அவர் முனகும் சத்தம் கேட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வலிக்குது பிள்ள" என்றார்.

நான் நம்பவில்லை. முன்னொரு தடவை ஆடலூருக்கு என் பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று பையை எடுத்தபோது இப்படித்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நான் பதறிப் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்ததும் சிரித்தார். அது மனதில் இருந்தது. நேற்றுப் போக முடியாததற்கு இன்றைக்கு நாடகம் போடுகிறார் என்று எண்ணிச் சுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். நீதான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "யம்மா, அப்பாக்கு வேர்த்து ஊத்துதும்மா" என்று கத்தினாய். கதவுக் கைப்பிடியே சில்லிட்டுக் கிடந்த காலை அது. நீ ஓடிப்போய்ச் சித்தப்பாவைக் கூட்டி வந்தாய். அவர் போன் பேச சிக்னல் தேடி மேட்டுக்கு ஓடினார். ஆம்புலன்ஸ் இந்த மலை வழியில் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பஸ் வர நேரம் இருந்தது. காய்கறி வேன்கள் எல்லாம் இறங்கிப் போய்விட்டன. "வண்டியில நடுவுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன், சித்தப்பா பின்னால பிடிச்சுக்கட்டும்" என்று சொல்லி நீ வண்டியை வெளியே உருட்டினாய்.

நீ உதைக்க ஆரம்பித்தாய். நான் முற்றத்தில் நின்றிருந்தேன், ப்ளக்கு என் மடியில் இருந்தது. முதல் பத்து உதை வரைக்கும்கூட எனக்குள் ஒரு குரல், கொஞ்சம் வலிக்கட்டும், அப்போதாவது புத்தி வருதா பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனால் அதுதான் உண்மை. பிறகு உள்ளே போய் அவரைப் பார்த்தேன். உதடு நீலம் பாய்ந்திருந்தது. என்னைப் பார்த்தார், ஆனால் என்னைத் தெரிந்த மாதிரி இல்லை. நாடகம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஓடி வெளியே வந்தேன். அதற்குள் சித்தப்பாவும் பக்கத்து வீட்டு ஆட்களும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். மேட்டிலிருந்து தள்ளிப் பார்த்தார்கள், அதிலும் பிடிக்கவில்லை. மறுபடி ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கிக்கர் திருப்பி அடித்து உன் கெண்டைக்காலில் தோல் உரிந்து ரத்தம் செருப்பில் வழிந்துகொண்டிருந்தது. நீ அழுதுகொண்டே உதைத்தாய். நான் வண்டிக்குப் பக்கத்தில் வந்து மடியில் கையை விட்டேன். என் விரல் அதைத் தொட்டது. அப்போது சித்தி என் தோளைப் பிடித்து, "என்னக்கா? என்ன வேணும்?" என்று கேட்டாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அந்த நேரத்தில் எடுத்துக் கொடுத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் மாற்றியிருக்கலாம். நீ கிளம்பியிருப்பாய். இத்தனை பேர் முன்னால் புருஷனை வீட்டில் கட்டிப்போட்டவள் என்று நிற்க வேண்டி வருமே என்ற வெட்கத்தில் கையை வெளியே எடுத்துவிட்டேன். கொலைகாரி என்று சொல்லிவிடுவார்களே என்ற பயமும் இருந்தது. அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் மன்னவனூரிலிருந்து ஒரு கேரட் வேன் வந்தது. கொடைக்கானலை எட்டுவதற்கு முன்பே அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர், "வலி எப்ப ஆரம்பிச்சது?" என்று மட்டும் கேட்டார். முக்கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிழைத்திருக்க மாட்டார் என்று யாராவது சொன்னால் நம்பிவிட ஆசையாக இருக்கும் என்பதாலேயே யாரிடமும் கேட்டதில்லை.

அதைவிடப் பெரிய பாவம் பிறகுதான் செய்தேன். மூன்றாம் நாள் வீடு நிறைய சனம் உட்கார்ந்திருந்தபோது உன் சித்தப்பா சொன்னார்: "நேத்து முந்தாநேத்து ஓடிக்கிட்டிருந்த வண்டிதான். ஓடைத் தண்ணிக்குள்ள விட்டு எடுத்தாம்ல, அதான் நேரத்துக்குக் கெளம்பல. அண்ணன் தலையெழுத்து." நீ சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாய். மொட்டை போட்ட உன் தலையின் பின்பக்கம் மட்டும் எனக்குத் தெரிந்தது. கட்டுப்படுத்தப் பார்த்தும் உன் தோள் குலுங்கியது. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வண்டி முன்னால் நின்றபோது பயந்தேன், குழம்பினேன் என்று ஏதாவது சொல்லித் தப்பலாம். அன்றைக்கு எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஒன்று நான் சுமக்க வேண்டும், இல்லை நீ சுமக்க வேண்டும். உன்மேல் போனால் போகட்டும் என்று விட்டேன். சின்னப் பையன், தாங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். நல்ல ப்ளக்கைக் கருமாதிக் குளியல் முடிந்து வரும்போது ஏரியில் எறிந்தேன்.

அந்த வண்டியை விற்றுவிடலாம் என்று சித்தப்பா பலமுறை சொன்னார். அவர் நினைவாக இருக்கட்டும் என்று நான் மறுத்ததை ஊரே மெச்சியது. உண்மையில், யார் வாங்கினாலும் முதலில் ப்ளக்கைத்தான் கழற்றுவார்கள் என்று பயந்தேன். தார்ப்பாய் கிழியக் கிழிய மாற்றியதும் அதற்காகத்தான். நீ பன்னிரண்டாம் வகுப்பை முடித்த கையோடு திருப்பூருக்குப் போகிறேன் என்றபோது நான் தடுக்கவில்லை. உனக்கு நல்லது என்று எல்லோரிடமும் சொன்னேன். நீ கண்ணெதிரே இல்லாதது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு தாய் இப்படி எழுதுவதைப் படிக்க உனக்கு எப்படி இருக்கும் என்று தெரிகிறது. ஆனால் பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமே இல்லை.

முந்தாநாள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பாண்டி மூன்று நாள் வேலை பார்த்தார். டேங்க் உள்ளே ஒரே துரு. மண்ணெண்ணெயும் பழைய நட்டுகளும் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினார். கார்பரேட்டர் துளையெல்லாம் பிசின் மாதிரி அடைத்திருந்தது, மெல்லிய கம்பியால் குத்தி எடுத்தார். புது டயர், புது கேபிள், புது ப்ளக்கு. நான் சித்தப்பாவையும் சித்தியையும் வரச் சொல்லியிருந்தேன். அன்றைக்கு வண்டியைத் தள்ளிய பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். முதல் உதையில் புகை மட்டும் வந்தது. இரண்டாவதில் வண்டி பிடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதே சத்தத்த அன்னிக்குக் குடுத்திருந்தா எங்கண்ணன் இன்னிக்கு இருந்திருப்பாரு மதினி. அந்தப் பய தண்ணிக்குள்ள விடாம இருந்திருக்கலாம்."

"அவன் தண்ணிக்குள்ள விட்டதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அன்னிக்கு வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. மொத நா சாயங்காலம் ப்ளக்க மாத்தி வச்சது நான்" என்றேன்.

பாண்டி வண்டியை அணைத்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் சித்தப்பா, "நான் வண்டியத் தள்ளிக்கிட்டு இருந்தப்ப, அது ஒங்க மடியிலயா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"ஆமா."

"என் கண்ணுக்கு முன்னாலயா?"

"ஆமா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகவும் நின்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பிள்ளைய எத்தன வார்த்த பேசியிருக்கேன். பேச விட்டு வேடிக்க பாத்தீகளே" என்றார். அவ்வளவுதான். பிறகு எழுந்து போனவர் என் பக்கம் திரும்பவில்லை. சித்தி நேற்றுப் பூண்டு உரிக்க வரவில்லை. குழாயடிக்கு நான் போனால் பேச்சு நிற்கிறது. அங்கன்வாடிக்கு இரண்டு தாய்மார் நேற்றிலிருந்து பிள்ளைகளை அனுப்பவில்லை. இதையெல்லாம் நீ இரக்கப்படுவதற்காக எழுதவில்லை. ஊர் முன்னால் உன்மேல் விழுந்த பழியை ஊர் முன்னால்தான் எடுக்க வேண்டும், எடுத்துவிட்டேன் என்று நீ தெரிந்துகொள்வதற்காக எழுதுகிறேன். இனி நீ இங்கே வந்தால் உன்னை யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்குத் தாய் புத்தி சொல்வது வழக்கம். சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன். மலர்விழிமேல் கோபம் வந்தால் வாயால் சொல்லிவிடு. சத்தம் போட்டாலும் பரவாயில்லை. அவளுக்குத் தெரியாமல் கையால் எதையும் செய்துவிடாதே, அவள் நன்மைக்கு என்று தோன்றினாலும் செய்யாதே. அவள் எப்போதாவது "ஒண்ணுமில்ல" என்றால் அதோடு விட்டுவிடாதே, பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தரம் கேள். செய்த தப்பைச் சொல்ல நல்ல நேரம் வரட்டும் என்று காத்திருக்காதே. மூன்றாம் நாள் சொல்லாததைப் பதினோராம் வருடம்தான் என்னால் சொல்ல முடிந்தது. இடையில் உன் இருபதுகளில் பெரும்பகுதி போய்விட்டது.

வண்டிச் சாவியும் ஆர்.சி. புத்தகமும் பாண்டியிடம் இருக்கின்றன. ஓட்டுவதோ, விற்பதோ, பள்ளத்தில் தள்ளுவதோ உன் இஷ்டம். முகூர்த்தத்துக்கு நான் வரலாமா என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். சொல்ல விருப்பமில்லாமல் பேசாமல் இருந்தாலும் அதை நான் பதிலாக எடுத்துக்கொள்வேன். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. கேட்டால் நீ கொடுத்துவிடுவாயோ என்று பயமாகவும் இருக்கிறது. அதனால் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அது என்னுடையது இல்லை, உன் அப்பாவுடையது. வேனில் முன்னால் டிரைவருக்கும் எனக்கும் நடுவில் அவரை உட்கார வைத்திருந்தோம். நீயும் சித்தப்பாவும் பின்னால் மூட்டைகளின் மேல் இருந்தீர்கள். பூம்பாறை தாண்டியதும் அவருக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. "பய எங்க?" என்று கேட்டார். பின்னால் இருக்கிறான் என்றேன். "அவன யாரும் ஒண்ணும் சொல்லப்படாது. நேத்து அவசரத்துல கைய நீட்டிட்டேன். வண்டின்னா நிக்கத்தான் செய்யும், அவன் என்ன பண்ணுவான். பய நல்லாத்தான் ஓட்டுறான். ஊருக்கு வந்து நானே அவன்கிட்டப் பேசிக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. இதை உன்னிடம் சொன்னால், பிறகு வண்டி ஏன் நின்றது என்ற பேச்சு வந்துவிடும் என்று இத்தனை வருடம் இதையும் முழுங்கிவிட்டேன். நான் சொல்வதை நீ இனி நம்ப வேண்டும் என்று கேட்கும் இடத்தில் நான் இல்லை. வேன் ஓட்டிய அந்த மனிதர் இன்றும் மன்னவனூரில்தான் இருக்கிறார். அவர் காதிலும் அது விழுந்தது. அவரைப் போய்க் கேள்.

அம்மா